உப்புக் கோடு

முதலில் சட்டைதான் சொன்னது.
பதினெட்டு வருடமாக
முதுகில் உப்புப் பூத்து வந்த சட்டை
அந்த ஜூனில்
காலையில் கொடுத்தது போலவே திரும்பி வந்தது.
வேலைக்குத்தான் போனாயா என்று கேட்டேன்.
நுக்சார் சிரித்தான்.
அவன் வேலை, மண் அடுப்பின் வாய்க்குள்
இடுப்புவரை கவிழ்ந்து
கொதிக்கும் சுவரில் மாவை அறைவது.
திபிலிசியில் அதற்கு வியர்க்காத ஆள் கிடையாது.

கூட வேலை பார்க்கும் வாஜா
"உனக்கு மட்டும் ஏசியை உள்ளேயே வைத்துவிட்டார்கள்" என்றான்.
கேலி இரண்டு வாரம் ஓடியது.
பிறகு ஒருநாள்
ரொட்டி எடுக்கும் கொக்கியோடு சரிந்தான்.
ஓடிப்போய்த் தொட்டேன்:
வெயிலில் கிடந்த ஓடு.
கன்னம் சிவந்திருந்தது, ஒரு கன்னம் மட்டும்.
வலது கையில் மயிர் சிலிர்த்து நின்றது,
இடது கையில் இல்லை,
ஒரு கைக்கு மட்டும் கெட்ட செய்தி வந்ததுபோல.

தோல் மருத்துவர் களிம்பு தந்தார்.
இன்னொருவர் வேறு களிம்பு.
மூன்றாவதாகப் பார்த்த சிசினோ
தோலைத் தொடவே இல்லை.
கண்மணியில் விளக்கடித்தார்.
அழுதால் கண்ணீர் வருகிறதா என்றார்.
அவன் என்னைப் பார்த்தான்.
எனக்கு எப்படித் தெரியும்?

சோதனை அறையில் அவன்மேல் பொடி தூவினார்கள்.
காவிப் பொடி. நனைந்தால் ஊதாவாகும்.
"எனக்கு வெள்ளை மாவுதான் பழக்கம்" என்றான்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.
சூட்டை ஏற்றினார்கள். காத்திருந்தோம்.
ஏற்றினார்கள்.
கடைசியில் இடது முழங்காலுக்குப் பின்னால்
ஒரு திராட்சை அளவு ஊதா.
தொண்டைக்குழியில் கொஞ்சம்.
மற்றபடி உடம்பு முழுக்கக் காவி,
மழை பொய்த்த மலைச்சரிவில்
ஒரே ஒரு கொடி காய்த்தாற்போல.

நரம்பு அனுப்பும் கடிதத்தை
அவன் ரத்தமே வழிமறித்துக் கிழிக்கிறதாம்.
யார்மேல் வந்த கோபம் என்று கேட்டேன்.
சிசினோவிடம் அதற்கு நீளமான பெயர் இருந்தது.
பதில் இல்லை.

இப்போது மாதம் ஒருமுறை
முகம் தெரியாதவர்களின் ரத்தத் தெளிவு
அவன் கைக்குள் சொட்டுகிறது.
அடுப்புப் பக்கம் போகக் கூடாது.
கழுத்தில் ஈரத்துண்டோடு கல்லாவில் உட்கார்ந்து
சில்லறையைத் தப்பாக எண்ணுகிறான்,
வாஜா ரொட்டியைக் கருக்குகிறான் என்று
வருகிறவர்களிடமெல்லாம் புலம்புகிறான்.

நேற்று துவைக்க எடுத்த சட்டையில்
காலர் மடிப்புக்குள்
நகக்கண் அளவு வெள்ளை.
மாவாக இருக்கலாம்.
வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை.