பார்

இரவு பதினொன்றே முக்கால்.
ஓல்டு ஜெயில் ரோட்டு ஆஸ்பத்திரியில்
விபத்துச் சீட்டு எழுதுகிற ஜன்னல் என்னுடையது.
காசிமேட்டு ஐஸ் கம்பெனியிலிருந்து
மீன்பாடி வண்டியில் ஒருவனைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.
தலையில் ரத்தம், சட்டை முழுக்க உருகிய ஐஸ்.
பெயர் தெரியாது. ஊர், வடக்கு.
வண்டிக்காரன் திரும்பிப் போய்விட்டான்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் சொன்னது ஒன்றுதான்:
பார்.

பார்த்தோம்.
அவன் கண் போன பக்கம் சுவர்,
சுவரில் ரத்ததான போஸ்டர், நின்றுபோன கடிகாரம்.
இமையைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தோம்.
பார், பார் என்றான் மறுபடியும்,
பார்க்கவே தெரியாதவர்களிடம் சொல்வதுபோல.

ஏட்டு கஜபதி குனிந்து மோந்தார்.
"எந்த பாரு? கல்மண்டபமா?"
பார் ஹொட், என்றான் அவன்.
"தோ, சொல்ட்டான் பாரு. பார் ஹோட்டலு."
படிவத்தில் ஏறியது:
குடிபோதை, பார் ஹோட்டல் வாசல்.

விரலில் தையலுக்குக் காத்திருந்த தேசப்பன்
பெஞ்சிலிருந்து சொன்னார்:
"பாருன்னா கடலுக்கடில கல்லும்மா.
வல மாட்டிக்கினா அறுத்துனுதான் வரணும்.
போட்ல போனவனா இருப்பான்."

மின்ட் தெருவிலிருந்து மூச்சிரைப்போடு வந்த கேவல்சந்த்
முகமூடியை விலக்கி,
"பார் பார்னா திரும்பத் திரும்ப" என்றார்.
இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு,
"அழுத்தாம சொன்னா அக்கரை."
நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப.

எனக்குப் பள்ளிக்கூடத்து அருஞ்சொற்பொருள் ஞாபகம் வந்தது.
பார் என்றால் உலகம்.
சீட்டில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இரண்டேகாலுக்கு ஒருத்தி வந்தாள்,
இறால் உரிக்கிற ஷெட்டிலிருந்து நேராக,
விரல் நுனிகள் வெளுத்து ஊறி,
கேரி பேக்கில் அவனுடைய ஆதார் அட்டை.
சுமி ஹான்ஸ்தா. மயூர்பஞ்ச் பக்கம்.
அவன் வாயருகே காது வைத்தாள்.
நிமிர்ந்தபோது அவள் முகம் வேறு.
"அக்கா, பார்னா ரெண்டு. ஹொட்னா ஆளு.
எங்க பேச்சு. ஹிந்தி இல்ல.
ரெண்டு ஆளு, அக்கா."

இரண்டரை மணி நேரமாக அவன் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

கஜபதி பைக்கை உதைத்த சத்தம் கேட்டது.
சரிந்த ஐஸ் பாளங்களைக்
கடப்பாரையால் நெம்பினார்களாம்.
மூன்றரைக்கு வந்து சேர்ந்தான் இரண்டாமவன்.
உதடு நாவல்பழ நிறம், முடியெல்லாம் உமி.
மூச்சு இருந்தது.

விடிகிற வரை எனக்கு வேலை ஓடவில்லை.
கண்ணால் செய்கிற பார்,
கடலடிக் கல்,
வெள்ளைக்காரன் கடையில் குறுக்கே போட்ட கட்டை,
சேட்டின் அக்கரை,
மயூர்பஞ்ச் காட்டில் யாரோ ஆடு எண்ணிய இரண்டு.
ஒரே சட்டை போட்டுக்கொண்டு
ஒரே பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள்.
பாதிப் பேர் சொந்தமே இல்லை.
தோளைத் தட்டி யாரை அழைத்தாலும்
திரும்புவது வேறு ஆள்.

ஐந்து மணிக்குக் கஜபதி படிவத்தைத் திரும்பக் கேட்டார்.
கால்சட்டை முட்டிவரை ஈரம்.
ஒரு கோடு இழுத்தார், கையெழுத்துப் போட்டார்,
ஓரத்தில் எழுதினார்: அடித்தல், நான்கு சொல்.
"சரியா? எண்ணிப் பாரும்மா."

எண்ணினேன்.
மித், பார்.
அதற்கு மேல் சுமி சொல்லித்தரவில்லை.