காற்று: இரண்டு புள்ளி நான்கு

மண்டபம் நண்டு கம்பெனியில்
இரவு ஷிப்டுக்குப் பதினாறு பேர்.
ஐஸ் பெட்டிமேல் சாய்த்து வைத்த என் போனில்
சகாய டெல்பின் நிற்கிறாள்.
எந்த ஊர் என்று கேட்டால் எனக்கு வாயில் வராது.
அங்கே இன்னும் வெயில் இருக்கிறது.

கையுறைக்குள் விரல் மரத்துப்போக
கால் சதை தனி, உடல் சதை தனி என்று
பிரித்துக்கொண்டே பார்க்கிறோம்.
"யாருடி அவ?" என்கிறாள் புதிதாய் வந்த பாத்துமுத்து.
பாம்பன் பிள்ளை என்கிறேன்.
அவள் விழுந்த மணலை
நாலு வருஷம் வாரியவள் நான் என்பதை
சொல்லவில்லை.

முதல் தாண்டல் சிவப்புக் கொடி.
பலகையைக் கடந்தது ஒரு பெருவிரல் நகம்.
அந்த நகத்தை எனக்குத் தெரியும்,
நங்கூரம் விழுந்து கறுத்தது.

எங்கள் பலகை
உடைந்த வல்லத்தில் பிடுங்கியது.
அளவு நாடா ஏது?
நண்டு வலைக் கயிற்றைக் கை விரித்துப் பாகம் பிடிப்பான்
அவள் அண்ணன் கிளாட்வின்.
மூன்றரைப் பாகம் என்பான்.
அவன் வலை விடுகிற ஆழமும் அதுதான்.
ஆள் மூழ்கும் ஆழத்தைப் படுக்கப்போட்டுத்
தாண்டிவிட்டாளே என்று சிரிப்பான்.

இரண்டாவது, மூன்றாவது...
எட்டுப் பேரில் எட்டாவதாய்த் தொற்றிக்கொண்டாள்.
தூரத்துக்குப் பக்கத்தில்
திரையில் இன்னொரு சின்ன எண்: காற்று.
முதுகில் தள்ளும் காற்று
நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டினால்
அந்தத் தூரம் போட்டிக்குச் செல்லும்,
சாதனை ஏட்டுக்குச் செல்லாது.
பாத்துமுத்து நண்டைக் கீழே வைத்துவிட்டாள்.
"ரெண்டு மீட்டரா?
நம்மூர்ல அதுக்குப் பேரு மூச்சுடி."

கச்சான் அடித்தால்
பாலத்தில் ரயிலையே நிறுத்திவிடுவார்கள்.
அதை முதுகில் வாங்கித் தாண்டிய எங்கள் தூரமெல்லாம்
எந்த ஏட்டில் சேரும்?
ஒருமுறை
நான் அவளைவிட ஒரு சாண் கூடத் தாண்டியிருக்கிறேன்.
ஆடி மாதம்.
மறுவாரம் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
சம்பளம்.

ஆறாவது. கடைசி.
ஒரு நிமிடம் தருகிறார்கள்,
நாற்பது நொடி சும்மா நிற்கிறாள்.
கைதட்டும் கூட்டத்துக்கு அது புரியாது.
பிடரி மயிர் அசையட்டும் என்று நிற்கிறாள்.
பாய் விரிக்கக் காத்திருப்பவன் நிற்பதுபோல்
நிற்கிறாள்.

பத்தொன்பது எட்டு. நான் எண்ணினேன்.
பலகை.
கால்கள் முன்னே போயின, போயின,
இடது கை மட்டும்
பின்னால் மணலில் விழுந்தது.

வெள்ளைக் கொடி.
கால் எவ்வளவு தூரம் போனாலென்ன,
பலகைக்குக் கிட்டத்தில் எது பட்டதோ
அதுவரைதான் அளப்பார்கள்.
ஆறு ஐம்பத்தொன்பது. காற்று இரண்டு புள்ளி நான்கு.
நாலாவது இடம்.

"நாலாவதுக்கு என்ன தருவாங்க?"
யாரும் பதில் சொல்லவில்லை.
சூப்பர்வைசர் வந்து தட்டுகளை நிறுத்தார்,
என்னுடையதில் முந்நூறு கிராம் குறைவு.

விடியக் கூப்பிட்டாள்.
பாத்தியா என்றாள். பாத்தேன் என்றேன்.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் இரைச்சல்.
என்ன கேட்பதென்று தெரியாமல்
அந்த ஊர் மணல் எப்படி என்று கேட்டேன்.
"சலிச்ச மணல்டி. மாவு மாதிரி.
ஒரு சிப்பி இல்ல.
குத்தாதுன்னு தெரிஞ்சதும்
கை தானா இறங்கிருச்சு."

அவளிடம் சொன்னதில்லை.
மணலை வாரும்போது
எல்லாச் சிப்பியையும் பொறுக்கிவிட்டேன் என்பேன்.
இடது கை விழும் இடத்தில் மட்டும்
ஒன்றிரண்டை விட்டுவைப்பேன்,
விளிம்பு மேலே பார்க்க.