ஆறாம் கல்லா

புன்டா அரேனாஸில் காற்றுக்கு வாரவிடுப்பு கிடையாது.
எங்களுக்கு உண்டு, தாளில்.

நான் பெயின்ட் பிரிவு.
கடல்நீலம், வெளிர்மஞ்சள் என்று
யார் யார் வீட்டுச் சுவர்களையோ
காலையிலிருந்து கலக்கிக் கொடுக்கிறவன்.
என் இடத்திலிருந்து நேரே பார்த்தால் ஆறாம் கல்லா.
அங்கே நெலிடா பாரியா,
வலது காலிலிருந்து இடது காலுக்கு,
இடதிலிருந்து வலதுக்கு,
தன்னையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.
நெஞ்சில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தும்
'ஏய், ஆறு' என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு.

கடையில் வேலை செய்கிறவருக்கு
உட்கார நாற்காலி தரவேண்டும் என்று
இந்த நாட்டில் நூறு வருஷத்துச் சட்டம்.
நாற்காலி இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.
கல்லாவுக்குப் பின்னால்,
மேலே மூன்று பெட்டி ரசீதுச் சுருள்.
ஆய்வாளர் வரும் நாளில் பெட்டிகள் தரைக்கு வரும்,
அவர் கார் கிளம்பியதும்
ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஆகஸ்டில் அவளுக்குப் பத்து வருஷம் முடிந்தது.
சான்டியாகோவிலிருந்து மின்னஞ்சல்:
'நீங்கள்தான் எங்கள் குடும்பம்.'
பெயரில் ஒரு எழுத்து குறைவு.
கூடவே ஒரு கோப்பை, கம்பெனிச் சின்னத்தோடு.
கைதட்டினோம். கேக் வெட்டினோம்.
கேக்குக்கு நாங்களே காசு போட்டிருந்தோம்.
எல்லாரும் கலைந்தபின் நெலிடா கோப்பையைக் கவிழ்த்தாள்.
அடியில் விலைச்சீட்டு, சிவப்பில், பாதி விலை.
ஒன்றும் பேசாமல்
அதை ஸ்கேனரில் காட்டினாள்.
பீப்.
'இந்தப் பொருள் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது.'
அப்போது அவள் சிரித்த சிரிப்புக்கு
வாசலில் நிற்கும் பெட்டியில்
பச்சை முகத்தை அழுத்துவதா, சிவப்பு முகத்தையா?

நவம்பரில் ஒரு செவ்வாய்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்,
மனிதர்கள் பிடித்து நடக்க.
தானியங்கிக் கதவு
யாரும் வராமலே திறந்து திறந்து மூடியது.
ஒவ்வொரு முறையும் நெலிடா
பழக்க தோஷத்தில் 'வாருங்கள்' என்றாள் காற்றிடம்.
மணி மூன்று. ஒரு ஆணிகூட விற்கவில்லை.

யெர்கோ வந்தான், எங்கள் மேற்பார்வையாளன்.
நல்லவன் என்று யாரும் சொன்னதில்லை,
கழிவறைக்குப் போனால் கடிகாரம் பார்க்கிறவன்.
போனில், 'ஆமாம் சார், நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்' என்றான்.
வைத்தான்.
ஒரு பெட்டியை இறக்கினான்.
பிறகு இன்னொன்று.
மூன்றாவதை நான் ஓடிப் போய்ப் பிடித்தேன்,
விரலெல்லாம் கடல்நீலம்.
உட்கார் என்று அவன் சொல்லவில்லை.
கேமராவுக்கும் கல்லாவுக்கும் நடுவில் வந்து
முதுகைக் காட்டி நின்றான்.
அகலமான முதுகு.
கூரைத் தகடு பறந்த யாரோ ஒருவர் வீட்டைப் பற்றி
வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான்.

நெலிடா உட்கார்ந்தாள்.
ஷூவிலிருந்து குதிகாலை மட்டும் வெளியே எடுத்தாள்.
பதினெட்டு நிமிடம்.
நான் எண்ணினேன்.
இந்தக் கடையில் எதையும் எண்ணத்தானே பழக்கியிருக்கிறார்கள்.

சம்பளம் ஏறவில்லை.
மறுநாள் பெட்டிகள் மறுபடி நாற்காலியில்,
ஒன்றில் மட்டும் என் கட்டைவிரல் ரேகை, நீலத்தில்.
கோப்பையில் இப்போது
எழுதாத பேனாக்களைப் போட்டுவைத்திருக்கிறாள்.
யெர்கோ அதில் ஒன்றை எடுத்துக்
கிறுக்கிப் பார்த்தான்,
உதறிப் பார்த்தான்,
திரும்ப வைத்துவிட்டுப் போனான்
கடிகாரத்தைப் பார்த்தபடி.