ஈரம் காணப்பட்டது

சிம் தட்டை உருவி
டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்,
எள்ளைவிடச் சற்றே பெரிய ஒட்டுப்புள்ளி.
வெள்ளையாக இருந்தால் உத்தரவாதம்.
சிவந்திருந்தால் நாற்பத்தேழு தினார்,
அல்லது போய்வாருங்கள்.

மனாமாவின் ஆகஸ்டில்
கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும்
மூக்குக்கண்ணாடி குருடாகும்.
சுவர் வியர்க்கும். பூட்டு வியர்க்கும்.
பாஸ்போர்ட் கைவசம் இருப்பவர்களுக்கு
அதன் பக்கங்களும் ஒட்டிக்கொள்ளும்.
நனையாத காற்று எங்கள் ஷோரூமுக்குள் மட்டும்,
பதினெட்டு டிகிரியில்.

ததேயு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
முஹரக்கில் படகு வேலை, கடியப்பட்டணத்துக்காரர்.
போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள்,
அதை இன்னொரு பைக்குள் போட்டு
பச்சைப்பிள்ளைபோல் நெஞ்சோடு வைத்திருந்தார்.
புள்ளி சிவப்பு.
"கடலுக்குப் போவும்போ இத ரூம்லயே வச்சிட்டுதான் போவேன் சாரே.
மூணு நாள் களிச்சு வந்துதான் தொடுவேன்."
பக்கத்து மேசை நிஷாத் சிரித்தான்:
மீன்பிடிக்கிறவன் போன் நனையலையாம்!
நானும் சிரித்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.
பிறகு படிவத்தில் தட்டினேன்:
ஈரம் காணப்பட்டது.

அவருடைய அறையில் ஏசி பழுதாகி ஏழு வாரம்
என்பது கையெழுத்துப் போடும்போது
தானாக அவர் சொன்னது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அன்றிரவு குதைபியாவில் என் சமையலறை ஜன்னலில்
புதுப் புள்ளி ஒன்றைச் செத்த போனுக்குள் ஒட்டித் தொங்கவிட்டேன்.
புதன், வெள்ளை.
வியாழன், பால் கலந்த ரோஜா.
வெள்ளி மதியம், தொழுகைக்குக் கடைகள் அடைக்கும் நேரம்,
சிவப்பு.
ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் விழவில்லை.

பேன்ட்ரி கதவின் பின்னால் சுவரொட்டி இருக்கிறது:
பேசுங்கள், பெயர் சொல்லத் தேவையில்லை,
பதினொரு மொழிகளில்.
பெயர் சொல்லாமல் எழுதினேன். மூன்று படங்கள் இணைத்தேன்.
ஒன்பதாம் நாள் துபாயிலிருந்து ரமி ஹத்தாத்
திரையில் வந்து என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்.
என் அக்கறை அவருக்குப் பிடித்திருந்ததாம்.
புள்ளியை ஆய்வகத்தில் சோதித்துவிட்டார்களாம்.
அந்த ஆய்வகத்துக்கு ஆகஸ்ட் வருமா
என்று கேட்க வாயெடுத்தேன்.
"விசா எப்போது புதுப்பிக்கணும் உங்களுக்கு?" என்றார்,
சாப்பிட்டாயிற்றா என்பதுபோல.

சாப்பிட்டாயிற்று என்பதுபோல நானும் சொன்னேன்.

மறுநாள் ததேயுவைத் திரும்ப வரச் சொன்னேன்.
இடுக்கியால் சிவப்பை உரித்து
வெள்ளையை ஒட்டினேன்.
பழுதுக் காரணம்: போர்டு, தயாரிப்புக் குறை.
அது உண்மையும்கூட. ஆனால் அதற்காக நான் எழுதவில்லை.
பிறகு ஒரு நேபாளி காவலாளி. பிறகு ஒரு நர்ஸ்.
பதினேழுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

டிசம்பரில் அறநெறிப் பாடம்; கட்டாயம், இருபத்திரண்டு கேள்விகள்.
பதினான்காவது:
உங்கள் பணியிடத்தில் உண்மைக்கு மாறான பதிவு
எதையேனும் அறிவீர்களா?
ஆம் என்றால் ஒரு பெட்டி திறக்கும். ஐந்நூறு எழுத்துகள்.
திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
எந்தப் பதிவைச் சொல்ல?
சிவப்பையா, வெள்ளையையா?
இல்லை என்று தட்டினேன்.
நூற்றுக்கு நூறு. சான்றிதழில் தங்க ஓரம்.

சான்றிதழ் வந்த வாரமே ததேயு வந்தார்,
ஒரு பைக்குள் இன்னொரு பை.
சாஃபி மீன், இரண்டு கிலோ இருக்கும்.
மேசையெல்லாம் சொட்டியது.
ஐந்து தினாருக்கு மேல் பரிசு வாங்கக் கூடாது என்பது
பாடத்தில் ஒன்பதாவது கேள்வி.
சந்தையில் விலை விசாரித்தேன்.
கிலோ மூன்றேகால்.

ஒரு கிலோவை நிஷாத்திடம் கொடுத்தேன்.
யார் தந்தது என்றான்.
நனையாத போன்காரர் என்றேன்.