வெள்ளை எழுத்து

கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
மலாயில் மூன்று பத்தி.
தெலுக் பஹாங் ஹோட்டலின் ஹெலிகாப்டர் தளம்
முப்பதாம் தேதியோடு மூடப்படும்.
காற்றுப்பையை இறக்கவும்,
விளக்கு இணைப்பைத் துண்டிக்கவும்,
தரையில் உள்ள எழுத்தின் மேல்
மஞ்சள் பெருக்கல் குறி போடவும்.

அந்த எழுத்தை எழுதியவன் நான்தான்.
பதினாறு வருஷத்துக்கு முன்
கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு இழுத்து,
இரண்டு கால், நடுவில் ஒரு பாலம்.
என் பெயரைக்கூட அத்தனை பெரிதாக
எங்கும் எழுதியதில்லை.

பதிவேட்டைப் புரட்டினேன்.
மொத்தம் முப்பத்தெட்டு இறக்கம்.
ஈப்போ டத்தோ ஒருவர், நான்கு தடவை.
ஒரு மணப்பெண்:
முக்காடு பறந்து தென்னையில் மாட்டியது,
தோட்டக்கார ஹஃபிஸ் ஏறி எடுத்தான்,
ஐம்பது ரிங்கிட்.
சிங்கப்பூரிலிருந்து ஒருவர்
இறங்கினார்,
கம்பத்துக் கருவாட்டு வாடை பிடிக்கவில்லை,
விசிறி நிற்பதற்குள் திரும்ப ஏறினார்.

ஒரே ஒரு தடவை, இரவில்.
பத்து பெரிங்கி சாலையில் மண் சரிந்து
ஆம்புலன்ஸ் அந்தப்பக்கம் நின்றது.
இந்தப்பக்கம்
வலை இழுக்கும் எந்திரத்தில்
கையைக் கொடுத்த பையன்.
மேலாளரை எழுப்பவில்லை.
விளக்கைப் போட்டேன்.
யார் வந்தார்கள் என்ற கட்டத்தில்
'விருந்தினர்' என்று எழுதினேன்.

மற்ற நாளெல்லாம்
ஒன்றும் இறங்கவில்லை.
ஒன்றும் இறங்கவில்லை என்பதை
தினமும் ஏழு மணிக்கு
தேதி போட்டு எழுதினேன்.
உடும்பு வெயில் காய்ந்ததை
எழுதக் கட்டம் இல்லை.

மூடச் சொல்லி மனு கொடுத்தது கம்பத்து ஆட்கள்.
தகரம் பறக்கிறது, பிள்ளை தூங்கவில்லை,
காய்கிற மீனில் மணல் அடிக்கிறது.
எட்டாவது கையெழுத்து ரொக்கையா,
அந்தப் பையனின் தாய்.
நான் குறை சொல்லமாட்டேன்.
அவள் வீட்டுத் தகரமும் பறந்ததுதானே.

மிஸ் சியூ வந்து பார்த்தார்.
எழுத்து இருக்கட்டும், குணாளன்,
சுற்றி மேசை போடலாம்,
மேலேயிருந்து படம் எடுத்தால் அழகு.
நான் சொன்னேன்:
மேலேயிருந்து பார்ப்பவன் நம்பிவிடுவான், மிஸ்.
யார் வரப்போகிறார்கள், என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
பதினாறு வருஷமாகவே இல்லை.

ஆனாலும்
எண்ணெய் தீர்ந்து, மழைக்குள் மாட்டி,
கீழே ஓர் எழுத்தைத் தேடுகிற ஒருவன்
எங்கோ இருப்பான்.
அவனை மேசை நாற்காலிகளுக்கு நடுவே
வா என்று கூப்பிட
என் கைக்கு மனம் வரவில்லை.

முப்பதாம் தேதி விடியுமுன்
இரண்டு டின் மஞ்சள்.
ஹஃபிஸ் உருளை பிடித்தான்,
நான் ஓரம் பார்த்தேன்.
மூலைக்கு மூலை இரண்டு கோடு,
பள்ளிக்கூடத்தில் என் கணக்கில்
வாத்தியார் போட்டதைப்போல.

பிறகு காற்றுப்பை.
கொக்கியைக் கழற்றியதும்
உள்ளேயிருந்த காற்று
ஒரு மூச்சாகப் போனது.
ஆரஞ்சு நிறம் வெளுத்துப்போய்,
உப்பு வாடை,
மடிப்பில் செத்த தும்பி ஒன்று.

பதிவேட்டை ஒப்படைக்குமுன்
பழைய பக்கத்தைத் தேடி எடுத்தேன்.
'விருந்தினர்' என்பதை அடித்துவிட்டு
மேலே எழுதினேன்:
அஸ்லான், பதினேழு வயது, வலது கை.
மிஸ் சியூ படித்தார்.
என்னைப் பார்த்தார்.
மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

இப்போது மேசைகள் வந்துவிட்டன.
குறி பிடிக்காமல் பச்சைப் பாய் விரித்தார்கள்.
மழை பெய்தால் பாய் ஒட்டிக்கொள்ளும்,
மஞ்சளின் அடியில் வெள்ளையும்
தடவினால் விரலுக்குத் தட்டும்.
கம்பம் மட்டும் நிற்கிறது.
கொடிக்கம்பமா என்று கேட்கிறார்கள்.

எனக்குக் குடை வேலை கொடுத்திருக்கிறார்கள்.
கடலில் ஒரு சொட்டு மேகமில்லை,
நான் ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்குகிறேன்.
வெயில் அடிக்குதே அண்ணே, என்கிறான்
தட்டு ஏந்திய புதுப் பையன்.
காற்று திரும்பிருச்சு, என்கிறேன்.
எதை வைத்துச் சொல்கிறேன் என்று
அவன் வெறும் கம்பத்தைப் பார்க்கிறான்.