வெள்ளிப் பக்கம்

தோபி காட் பக்கமிருந்து சுரங்கப்பாதை வழியே வந்தால்
சுழல் படிக்கட்டு.
அடியில் நின்று அண்ணாந்தால்
வட்டமாய் வெட்டிய வானம்,
அதன்மேல் கைவிரித்த தூங்குமூஞ்சி மரம்.
அந்த வட்டத்துக்குள் நிற்கத்தான் இவ்வளவு கூட்டம்.

ஒரு காலத்தில் யாரும் ஏறக்கூடாத குன்றாம்.
மலாய்ப் பெயரே அதைத்தான் சொல்கிறது.
இப்போதும் தடைதான்:
எங்களுக்கு முன்னால் பதினாறு ஜோடி.

என் வேலை ரிஃப்ளெக்டர் பிடிப்பது.
ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் வெள்ளி.
குவெக் "தங்கம்" என்றால் திருப்புவேன்,
மணப்பெண் மஞ்சள் பூசிக்கொள்வாள்.
"வெள்ளி" என்றால்
கண்ணுக்குக் கீழே கிடக்கும் ஒரு வாரத் தூக்கம் கெட்ட கறுப்பு
கரைந்துபோகும்.
வெள்ளிக்கிழமை, வெள்ளித் தகடு, எண்பது வெள்ளி.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
மூன்று வகையில் பிழைக்கிறேன்.

மூன்று வருடமாய் இங்கே நிற்கிறேன்.
வட்டத்துக்கு மேலே என்ன என்று
ஏறிப் பார்த்ததில்லை.
பாதிப் படிவரை போனதுண்டு,
யாரோ ஒருத்தியின் வலைத்துணி பறந்தபோது.

இன்று ஷர்வினி, தினகரராஜ்.
எங்கள் முறை வர இரண்டே ஜோடி இருக்கையில்
மரம் இலைகளை மடக்கத் தொடங்கியது.
குவெக் மரத்தைப் பார்த்தார், கேமராவைப் பையில் வைத்தார்.
வானிலைச் செயலியை அவர் நம்புவதில்லை.
கொட்டித் தீர்த்தது.

விட்டதும், "அரை மணி நேரம்" என்றார்.
படி காயவேண்டும், மாப்பிள்ளைக்கு வேறு சட்டை வேண்டும்.
தகட்டை மடிக்க மறந்து
நான் ஏறிவிட்டேன்.

மேலே
கடலைத் தேடும் ஒரு கலங்கரை விளக்கம்,
அதன் முன்னால் நாற்பது மாடி.
கப்பல்களுக்கு மணி சொன்ன பந்து ஒன்று இருந்ததாம்,
அதன் ஞாபகத்துக்கு ஒரு பந்து.
ஒன்பது மீட்டர் ஆழத்தில் ஒரு போரைத் தோற்ற அறைகள்,
நுழைவுச்சீட்டு வாங்கப் பள்ளிப் பிள்ளைகள்.
மிளகுக்கொடிக்கு முன் கொஞ்சம் நின்றேன்.
தேக்காவில் கால் கிலோப் பொட்டலமாகத்தான்
இதை எனக்குத் தெரியும்.
ஒரு காட்டுச்சேவல் வழியை விடாமல்
என்னைச் சுற்றிப்போக வைத்தது.

அப்புறம் அந்தச் சரிவு.
கீழே இரவுக் கச்சேரிக்கு மேடை கட்டுகிறார்கள்,
"ஒன், டூ, ஒன், டூ."
புல்லுக்கு அடியில் இருப்பவர்கள் இன்னும் அங்கேதான்.
அவர்களின் கற்களை மட்டும் பெயர்த்து
ஓரத்துச் செங்கல் சுவரில் பதித்திருக்கிறார்கள்,
ஃபோட்டோ மாட்டுவதுபோல.

ஒரு சின்னக் கல். எழுத்தெல்லாம் மழை தின்றது.
கை சும்மா இருக்குமா?
தகட்டைத் தூக்கினேன்.
நேராகக் காட்டினால் கல் வெறும் கல்.
பக்கவாட்டில் சாய்த்தேன்.
ஒவ்வொரு எழுத்தும்
தன் நிழலைப் பிடித்துக்கொண்டு
எழுந்து உட்கார்ந்தது.

"ஏழு மாதம்."
பின்னாலிருந்து ஷர்வினி படித்தாள்.
பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள்,
செருப்பெல்லாம் சேறு.
"பேரு என்ன?"
பேர் வரவில்லை. முதல் எழுத்து மட்டும்,
அதுவும் ஈ-யா எஃப்-ஆ தெரியவில்லை.
"தங்கத்தைப் போட்டுப் பாரேன்."
போட்டேன்.
செங்கல் சிவந்து அழகாய் ஆனது.
எழுத்து போய்விட்டது.
மறுபடி வெள்ளி.

அவள் ஒரு முனை, நான் ஒரு முனை.
ஒரு விரல் அகலம் சாய்ப்பது, பார்ப்பது,
மீண்டும் சாய்ப்பது.
மேடையில் யாரோ கிட்டாரைச் சுருதி கூட்டினார்கள்.
என் பையில் ஃபோன் அதிர்ந்தது, அவளுடையதும்.

இறங்கியபோது வெயில் வட்டத்தைத் தாண்டிவிட்டது.
குவெக் எதுவும் கேட்கவில்லை.
அறுபதுதான் கொடுத்தார்.
படத்தில் ஷர்வினியின் விளிம்பெல்லாம் சேறாம்,
அழித்துவிடலாமாம்.
"வேண்டாம், இருக்கட்டும்" என்றாளாம்.