ஐந்தாம் பங்கு

கதவில் ஒட்டிய கடதாசியை
முதல் மழையே கரைத்துவிட்டது.
மூன்று மொழியில் மூன்று பந்தி,
எங்கள் மொழியில்தான் பிழை கூட.
ஏலம் என்பதை ஏளம் என்று அடித்திருந்தார்கள்.
ஏளனம் என்று எழுத வந்தவன்
இடையில் களைத்துப்போனான் என்றாள் செல்வநிதி.
சிரித்தோம்.
அன்றைக்குச் சிரிக்கலாம் போலத்தான் இருந்தது.

பத்மலோஜினி போய் எட்டு மாதம்.
புரட்டாதியில் ஒரு விடியப்புறம்
லாண்ட்மாஸ்டரில் கட்டில், தையல் மெஷின்,
நித்திரை கலையாத இரண்டு பிள்ளைகள்,
கால் கட்டிய ஆடு.
நாயைக் கூப்பிடவில்லை.
நான் எழும்பித்தான் இருந்தேன்,
அடுப்படியில்,
லைட்டைப் போடாமல்.

வீட்டுத்திட்டக் காசு
சுவரோடும் ஓட்டோடும் முடிந்தது.
முன்கதவுக்கும் மூன்று யன்னலுக்கும்
காணி உறுதியைக் கொண்டுபோய் வைத்தாள்.
பின்கதவுக்குக் காசு காணவில்லை.
அந்த முன்கதவைத்தான்
பூட்டி, அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள்.
பின்பக்கம்
முகாமில் தந்த தறப்பாள் ஆடுகிறது.
அதற்கு யாரும் சீல் வைக்கவில்லை.

அந்த வழியால் வௌவால் போனது.
எலி போனது, எலிக்குப் பின்னால் புடையன்.
பிறகு பொடியள், போத்தல்கள்,
இரவு ஒரு மணிக்குச் சிரிப்பு.
கரண்ட்காரர் வயரை வெட்டினார்கள்.
அவள் படலை லைட்டை வைத்துத்தான்
நாங்கள் ஐந்து வீடும்
யானையை மறித்துக்கொண்டிருந்தோம் என்பது
யானை வந்த பிறகு தெரிந்தது.
என்னுடைய பதினொரு வாழை,
செல்வநிதியின் குசினித் தகரம்.

நுளம்பு பார்க்க வந்தவர்
அவள் தொட்டியில் டோர்ச் அடித்தார்,
சிவப்பு நோட்டீசை எழுதினார்,
கொடுக்க ஆளில்லாமல்
வேலிக்கு மேலால் எனக்கு நீட்டினார்:
பக்கத்தில இருக்கிறது நீங்கள்தானே அக்கா.

ஓம், பக்கத்தில் இருப்பது நாங்கள்தான்.
செவ்வாய்க்கிழமை மோட்டார்சைக்கிள் வரும்.
ஐந்து பேர் சேர்ந்து எடுத்த குழுக்கடன்.
ஒருத்தி கட்டாவிட்டால்
மற்றவர்கள் கட்டவேணும் என்ற வரியை
நாங்கள் வாசிக்கவில்லை.
வாசித்திருந்தாலும் கையெழுத்து வைத்திருப்போம்.
என் பங்கோடு அவள் பங்கில் கால்வாசி,
கிழமைக்கு நானூற்றுப் பத்து.
கோழி முட்டையிடுகிறது,
முட்டை அவளுடைய கணக்கில் விழுகிறது.

அரைக் காணியை விற்கலாம் என்று
புரோக்கரைக் கூட்டிவந்தேன்.
அவர் என் காணியைப் பார்க்கவே இல்லை.
அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்று
ஒரு விலை சொன்னார்.
தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார்.

வெறும் வீடு எங்களுக்குப் புதிதில்லை.
ஊரே எழும்பி ஓடின வருஷம்
எல்லா வீடும் வெறும் வீடு,
அதனால் ஒரு வீடும் தனியாய்த் தெரியவில்லை.
திரும்பி வந்து தேடினபோது
சில இடத்தில் அத்திவாரம்கூட இல்லை.
அதையெல்லாம் சேர்ந்து தாங்கினோம்.
இது ஒன்றே ஒன்று.
விழுந்த பல்லின் இடத்துக்கு
நாக்குப் போவதுபோல்
நாள்முழுக்கக் கண் அங்கே போகிறது.

ஏலத்துக்கு ஒரே ஒரு கார் வந்தது.
இறங்கியவர் கிணற்றை எட்டிப் பார்த்தார்,
துப்பினார், ஏறினார்.
அவர் துப்பாவிட்டால்
நான் யோசித்திருக்க மாட்டேனோ தெரியாது.

நேற்று முன்தினம் முதல்
அந்த வீட்டில் ஒரு யன்னலைக் காணவில்லை.
பொடியள்தான் என்கிறாள் செல்வநிதி.
ஊர் முழுக்க அதைத்தான் சொல்கிறது.
முப்பத்துநாலு கிழமை, நானூற்றுப் பத்துப்படி
பதின்மூவாயிரத்துச் சொச்சம்.
பழைய வேப்பமர யன்னல்
ஒன்பதாயிரத்துக்கு மேல் போகாது.
ஆகவே அவள்தான் இன்னும் தரவேணும்
என்று எனக்கு நானே
இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

என் அடுப்படிச் சுவரில்
சாந்து இன்னும் காயவில்லை.
நாய் இடம் மாறிவிட்டது.
அங்கே கிடந்தது
இப்போது இந்த யன்னலுக்குக் கீழே படுக்கிறது.
திறந்தால் காற்று வரும்.
திறந்தால் நேரே
இது இருந்த ஓட்டை தெரியும்.
புகைக்குள் இருந்து சமைக்கிறேன்.